கதிரை உங்களிடம், திறப்பு அவரிடம்

கேள்வி:

வணக்கம் சேர். வடமராட்சியில் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் பொது முகாமையாளராக வந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 34. முகாமைத்துவப் பட்டதாரி, நேர்முகப் பரீட்சைக்குப் போய் முறைப்படி கிடைத்த நியமனம். ஆனால் சங்கத்தை நடத்துவது நான் இல்லை, களஞ்சியக் காப்பாளர். 22 வருடமாக இருக்கிறார், எல்லோருக்கும் அவர் 'அண்ணை'. நான் ஒன்று சொன்னால் கிளைக்காரர் "அண்ணையிட்டக் கேட்டியளோ மிஸ்?" என்கிறார்கள். தலைவரும் எனக்கு எடுக்காமல் அவருக்குத்தான் ஃபோன் எடுக்கிறார். கேட்டால் "அவ சின்னப் பிள்ளைதானே, அவவை ஏன் கரைச்சல் படுத்துவான்" என்கிறாராம். புதிதாக ஓர் இருப்புப் படிவம் கொண்டு வந்தேன். மூன்று சுற்றறிக்கை விட்டாயிற்று, வாட்ஸ்அப் குறூப்பிலும் தினமும் போடுகிறேன். எல்லோரும் பெருவிரலைக் காட்டுகிறார்கள், ஒருவரும் நிரப்புவதில்லை. அண்ணை சிரித்துக்கொண்டு "பிள்ளை, உதெல்லாம் உங்களுக்கு முந்தி இருந்த சேரும் செய்து பார்த்தவர்" என்கிறார். இருப்புப் பதிவேட்டைக் கேட்டால் எப்போதும் 'முடியிற நிலையில' என்பார். ஒழுக்காற்றுக் கடிதம் அடித்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா? நான் பெண் என்பதால்தான் இதெல்லாமா? விட்டுவிட்டு வங்கி வேலைக்குப் போகவா?

வாசகி, வடமராட்சி

பதில்:

தங்கச்சி, அந்தக் கடிதத்தை இப்போதைக்கு மேசை லாச்சிக்குள்ளேயே வையுங்கள். கொடுத்தால் என்ன நடக்கும் என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். அண்ணை அதை வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போவார், தலைவர் உங்களைக் கூப்பிட்டு "ஏன் பிள்ளை உந்த வேலை" என்பார், இரண்டு கிழமையில் கடிதம் திரும்ப வரும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதை இப்போது கேட்கிற அந்த ஒன்றிரண்டு பேரும் கேட்க மாட்டார்கள். பயமுறுத்தல் கையில் இருக்கும் வரைதான் பெறுமதி. எடுத்து வீசி, அது விழுத்தவேண்டியதை விழுத்தவில்லை என்றால், உங்களிடம் வேறொன்றும் இல்லை என்று முழுச் சங்கத்துக்கும் நீங்களே அறிவித்த மாதிரி.

நியமனக் கடிதம் உங்களுக்குத் தந்தது கட்டளை இடுகிற உரிமை. அந்தக் கட்டளை நடக்குமா இல்லையா என்பதை நியமனக் கடிதம் தீர்மானிப்பதில்லை. இது உங்கள் சங்கத்தின் நோயும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான். செஸ்ரர் பேர்னாட் என்று ஒருவர், பேராசிரியர் இல்லை, அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்தின் தொலைபேசிக் கம்பனிக்குத் தலைவராக இருந்தவர். ஆயிரக்கணக்கான ஆட்களை வைத்து வேலை வாங்கிய அந்த மனுசன் 1938 இல் எழுதி வைத்த விஷயம், ஒரு கட்டளைக்கு அதிகாரம் இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது கட்டளை இடுகிறவர் இல்லை, அதைப் பெறுகிறவர் என்பது. பெறுகிறவருக்கு அது விளங்கவேண்டும், நிறுவனத்தின் நோக்கத்துக்கு முரணாக அவருக்குத் தெரியக்கூடாது, அவருடைய சொந்த நலனைக் கெடுக்கக்கூடாது, செய்யக்கூடிய காரியமாகவும் இருக்கவேண்டும். இந்த நாலும் சரியாக இருந்தால்தான் கட்டளை ஏறும் என்கிறார்.

இனி உங்கள் இருப்புப் படிவத்தை இந்த நாலுக்கும் முன்னால் வைத்துப் பாருங்கள். கிளையில் நிற்கிற பிள்ளைக்கு அது விளங்கியதா? சுற்றறிக்கை விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள், யாரையாவது பக்கத்தில் இருத்தி ஒரு படிவம் நிரப்பிக் காட்டினேன் என்று எழுதவில்லை. பின்னேரம் கடை பூட்டுகிற நேரத்தில் காசு எண்ணி, மீதிச் சாமானைப் பார்த்து, பஸ்ஸையும் பிடிக்கவேண்டிய ஆளுக்கு அதை நிரப்ப நேரம் இருக்கிறதா? எல்லாவற்றையும் விட, அந்தப் படிவம் சரியாக நிரம்பினால் அண்ணையின் தலைக்குள் இருக்கிறது முழுக்கக் கடுதாசிக்கு வந்துவிடும். அது அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் அதை ஒரு படிவம் என்று நினைத்துக் கொண்டு வந்தீர்கள், அவர் பார்த்த முதல் நாளே அது என்னவென்று விளங்கிக்கொண்டார்.

பிரான்சில் மிஷேல் குரோசியே என்ற சமூகவியலாளர் அரசாங்கத்தின் புகையிலைத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 1960களின் தொடக்கத்தில் எழுதினார். அங்கே எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. யார் எந்த இடத்தில் வேலை செய்வது, யாருக்கு எப்போது மாற்றம், எல்லாம் புத்தகத்தில் எழுதியபடி. விதி சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்று, மெஷின் எப்போது பழுதாகும் என்பது. பழுதானால் திருத்தத் தெரிந்தவர்கள் பராமரிப்புத் தொழிலாளர்கள் மட்டும். அதனால் பதவியில் அவ்வளவு உயரம் இல்லாத அந்த ஆட்கள்தான் தொழிற்சாலையில் அசைக்க முடியாதவர்கள், மேற்பார்வையாளர்கூட அவர்களோடு முட்டமாட்டார். இன்னொன்றையும் அவர் கவனித்தார். மெஷின்களின் வரைபடங்களும் திருத்தும் குறிப்புகளும் தொழிற்சாலைகளில் இருந்து காணாமல் போயிருந்தன. பராமரிப்பு ஆட்கள் எல்லாவற்றையும் தலைக்குள்தான் வைத்திருந்தார்கள். உங்கள் களஞ்சியத்தில் இருப்புப் பதிவேடு ஏன் எப்போதும் 'முடியிற நிலையில' இருக்கிறது என்பது இப்போது விளங்கும்.

பிரான்சுக்குப் போகாமலும் இதைப் பார்க்கலாம். 2022 இல் எங்கள் எரிபொருள் நிலையங்களுக்கு முன்னால் மைல் கணக்கில் வரிசை நின்றதே, அப்போது பெற்றோல் அடிக்கிற பெடியன் யார்? ஊரில் அவனை அதுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இல்லை. திடீரென்று டொக்ரர் எடுக்கிறார், அதிபர் எடுக்கிறார், "தம்பி, பவுசர் எப்ப வருது" என்று. அந்த மூன்று நாலு மாதம் அவனுக்கு இருந்த மதிப்பு ஒரு திணைக்களத் தலைவருக்கும் இருக்கவில்லை. ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது, யாருக்கு எத்தனை லீற்றர் என்று எழுதிப் போட்டாயிற்று, வரிசையும் மெல்ல மெல்லக் குறைந்தது. பெடியனுக்கு வந்த ஃபோன்களும் நின்றன. அவனை ஒருவரும் பதவி இறக்கவில்லை. அவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததாக மாறியது, அவ்வளவுதான் நடந்தது.

ஆகவே நீங்கள் மல்லுக்கட்டவேண்டியது அண்ணையோடு இல்லை. சங்கம் அவரில் எதற்கெதற்கெல்லாம் தங்கி நிற்கிறதோ, அதைத்தான் ஒவ்வொன்றாகக் குறைக்கவேண்டும். ஒரு கொப்பி எடுங்கள். அவர் ஒரு மாதம் வராவிட்டால் எது எது நிற்கும் என்று எழுதுங்கள். கிளிநொச்சி ஆலைக்காரர் யார், அரிசி கடனுக்குத் தருகிறவர் யார், அவருக்கு எத்தனை நாளில் காசு போகவேண்டும். எந்த லொறிக்காரன் ஞாயிற்றுக்கிழமையும் வருவான். எந்தக் கிளைக்கு முதலில் சாமான் போகும், அதை யார், எதை வைத்துத் தீர்மானிப்பது. களஞ்சியத்தின் இரண்டாவது திறப்பு எங்கே? (இருக்கும், எல்லாக் களஞ்சியத்துக்கும் இருக்கும். அது யாருடைய வீட்டில் தொங்குகிறது என்பதுதான் கேள்வி.) கிளைக்காரரில் யார் யார் அண்ணையிடம் கைமாற்று வாங்கியிருக்கிறார்கள் என்பதையும், தெரிந்தால், எழுதுங்கள். பிறகு பாருங்கள், அந்தப் பட்டியலில் எது கடுதாசிக்குக் கொண்டுவரக்கூடியது, எதற்கு இன்னோர் ஆளைப் பழக்கலாம், எது அவரோடு மட்டுமே இருக்கும் என்று. கடைசி வகையை விட்டுவிடுங்கள். அது அவர் உழைத்துச் சம்பாதித்த சொத்து.

ஏனென்றால் அவருடைய செல்வாக்கு முழுக்கத் திறப்பால் வந்தது இல்லை. 22 வருடம் என்றால் 2006 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாகச் சாமான் வருகிற ஏ9 பாதை போரால் பூட்டியபோது அந்த மனுசன் களஞ்சியத்தில் இருந்திருக்கிறார். கப்பலில் வந்த கொஞ்சச் சாமானைக் குடும்ப அட்டைக்குப் பங்கிட்ட நாட்கள் அவை. சீனிக்கும் மாவுக்கும் சனம் சங்கக்கடை வாசலில் விடியற்காலையில் இருந்து நின்ற காலம். அப்போது அவர் ஒழுங்காகப் பங்கிட்டிருந்தால் ஊர் அதை மறக்காது. ஜேர்மன் அறிஞர் மக்ஸ் வெபர், மனிதர்கள் ஒருவருக்குக் கீழ்ப்படிவதற்கு மூன்று காரணம் சொன்னார். பழைய வழக்கம், அந்த ஆளின் தனிப்பட்ட ஈர்ப்பு, சட்டமும் விதியும். உங்களிடம் மூன்றாவது மட்டும் இருக்கிறது. அவரிடம் முதலாவது நிறைய, இரண்டாவதும் கொஞ்சம். இந்த நிலைமையில் விதியைக் காட்டி வழக்கத்தோடு மோதினால், குறைந்தது முதல் சுற்றில், வழக்கம்தான் வெல்லும்.

அதனால் அவரிடம் நேரே போங்கள். கந்தோருக்குக் கூப்பிடவேண்டாம், களஞ்சியத்துக்குப் போங்கள். "அண்ணை, நீங்கள் ஓய்வு பெறேக்க இந்தச் சங்கம் அந்தரிச்சுப் போகும், ஒரு பிள்ளையைப் பழக்கித் தாங்கோ" என்று கேளுங்கள். அது பொய்யும் இல்லைத்தானே. பழக வருகிற ஆளை அவரே தெரிவு செய்யட்டும், உங்கள் ஆளை உளவாளி மாதிரி அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளை எழுதுகிற குறிப்பில் 'தயாரித்தவர்' என்று அண்ணையின் பெயரைப் போடுங்கள். படிவத்தையும் அவரிடமே கொடுத்து, எந்த நிரல் தேவையில்லை என்று வெட்டச் சொல்லுங்கள். பாதியை வெட்டுவார். வெட்டட்டும். மிஞ்சின பாதி நிரம்பினால் அது உங்களுக்கு லாபம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கும். நீங்கள் கிட்டத்தட்ட முழுக்க வாட்ஸ்அப்பிலும் சுற்றறிக்கையிலும் ஆட்சி செய்கிறீர்கள். 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரான்லி மில்கிராம் செய்த பரிசோதனை உங்கள் பாடத்தில் வந்திருக்கும், இன்னோர் ஆளுக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொல்லி ஒருவர் கட்டளை இட, சாதாரண மனிதர்கள் எவ்வளவு தூரம் கீழ்ப்படிகிறார்கள் என்று பார்த்தது. கட்டளை இடுகிறவர் அறைக்குள் நின்றபோது 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ற் வரை போனார்கள். (அதிர்ச்சி உண்மையில் போகவில்லை, அது அவர்களுக்குத் தெரியாது.) அதே ஆள் வெளியே போய்த் தொலைபேசியில் கட்டளை இட்டபோது கடைசிவரை போனவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்தார்கள். அதிலும் சிலர் சிறிய அதிர்ச்சியையே கொடுத்துக்கொண்டு, "ஓம், கூட்டுறன்" என்று தொலைபேசியில் பொய் சொன்னார்கள். உங்கள் குறூப்பில் வருகிற பெருவிரல் அதுதான்.

மில்கிராமின் முடிவு உண்மையில் பயங்கரமான முடிவு, அதைக் கீழ்ப்படிய வைக்கிற தந்திரமாக நான் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்த ஃபோனில் பொய் சொன்ன ஆட்கள்தான் எனக்குப் பிடித்தவர்கள். ஆனால் இருப்புப் படிவம் ஒருவருக்கும் அதிர்ச்சி கொடுப்பதில்லை, ஆகவே அந்த விஷயத்துக்காக நீங்கள் கிளைகளுக்குப் போய் நிற்பதில் பிழை ஒன்றும் இல்லை. கிழமைக்கு இரண்டு கிளை. கதிரை கேட்காமல், சாமான் இறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

சரி, பெண் என்பதாலா என்ற கேள்வி. நீங்கள் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டி எழுதியிருக்கிறீர்கள், நான் பிரிக்கிறேன். அண்ணை உங்களுக்கு முந்தி இருந்த சேரையும் இதே மாதிரித்தான் நடத்தினார், அதை அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். ஆகவே களஞ்சியப் பிரச்சினை பெண் என்பதால் வந்தது இல்லை. அவர் 'பிள்ளை' என்று கூப்பிடுவதையும் விடுங்கள், அந்த வயது மனுசர் இங்கே டொக்ரரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தலைவர் சொன்னது வேறு. "சின்னப் பிள்ளைதானே, ஏன் கரைச்சல்" என்பது அக்கறை மாதிரி ஒலிக்கும். ஆனால் 34 வயது ஆண் ஒருவரை நியமித்திருந்தால் அந்த வசனம் வந்திராது என்று நினைக்கிறேன். அதில் உங்களை ஒருவரும் திட்டவில்லை, உங்களை எதிர்க்கக்கூட இல்லை, கதை நடக்கிற இடத்தில் இருந்து மெல்ல வெளியே எடுத்துவிட்டார்கள். அதிகாரத்தின் மிகவும் சத்தமில்லாத வகை இதுதான். எந்த விஷயம் யாரோடு பேசப்படவேண்டும் என்பதை ஒருவர் தீர்மானித்துவிட்டால், பிறகு அவர் ஒரு வாக்கெடுப்பிலும் வெல்லவேண்டிய தேவை இல்லை.

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளங்கப்படுத்தவேண்டிய அவசியம் இருக்கக்கூடாது. சாதியைச் சொல்லிப் பொது இடங்களில் ஆட்களை மறிப்பது குற்றம் என்று 1957 இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்து பதினொரு வருடத்துக்குப் பிறகும், 1968 இல், மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி மனிதர்கள் போராடவேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளிலும் அப்படித்தான். கடுதாசியில் உரிமை இருந்தது, கதவு பூட்டித்தான் இருந்தது. சட்டம் தானாக நடந்துபோய்க் கதவைத் திறக்கவில்லை, ஆட்கள் போய் நின்றார்கள், அடி வாங்கினார்கள், அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறபட்டது. (உங்கள் விஷயத்தில் ஊரும் சாதியும் ஏதாவது கலந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கவில்லை. ஆனால் கலந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பணிப்பாளர் சபை இருக்கிற இடத்தில் அது இல்லவே இல்லை என்று சொல்கிறவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.)

தலைவரிடம் தனியாகக் கதையுங்கள், அண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை முறைப்பாடு வேண்டாம். "ஐயா, நீங்கள் அண்ணைக்கு எடுக்கிறது எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் ஒடிற் வந்தால் கையெழுத்து என்ரை, பதில் சொல்லுறதும் நான்" என்று சொல்லுங்கள். அது அவருக்கு உடனே விளங்கும், ஏனென்றால் பதில் சொல்லவேண்டிய இடத்தில் அவரும் இருக்கிறார். பிறகு அடுத்த பணிப்பாளர் சபைக் கூட்டத்துக்கு ஒரு சின்னத் தீர்மானம் கொண்டு போங்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேலான கொள்வனவும், கிளைகளுக்குச் சாமான் பிரிப்பதும் பொது முகாமையாளரின் கையெழுத்தோடுதான் என்று. கூட்ட அறிக்கையில் ஏறவேண்டும். வாயால் "ஓம் ஓம்" என்று சொல்வதை வாங்கிக்கொண்டு வராதீர்கள். கூட்டத்துக்கு முந்தியே இரண்டு பணிப்பாளர்களிடம் இதைக் கதைத்துவிடுங்கள், கூட்டத்தில் முதல்முறை கேட்கிற எதையும் எங்கள் ஆட்கள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

இருப்புச் சரிபார்த்தல் மட்டும் விட்டுக்கொடுக்கிற விஷயம் இல்லை. மூட்டையை எண்ணிப் பதிவோடு ஒப்பிடுவது உங்கள் கடமை, அதற்கு அவருடைய மனம் நோகுமா என்று பார்க்கவேண்டாம். அவரையும் பக்கத்தில் வைத்து, இன்னொருவரையும் சாட்சிக்கு வைத்து, முன்கூட்டியே திகதி சொல்லிச் செய்யுங்கள். குறைவு வந்தால் அதை அந்த இடத்திலேயே எழுதிச் சபைக்குக் கொடுங்கள். 'இருக்கட்டும், பிறகு தேவைப்படும்' என்று லாச்சிக்குள் வைக்காதீர்கள். வைத்தால் அந்த நிமிடத்தில் இருந்து நீங்களும் அவர் மாதிரித்தான், மற்றவருக்குத் தெரியாத ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஆளை ஆட்டுகிற ஆள்.

இதைச் சும்மா சொல்லவில்லை. ரொபேர்ட் மிஷல்ஸ் என்ற அறிஞர் 1911 இல் ஜேர்மன் சமூக ஜனநாயகக் கட்சியை ஆராய்ந்தபோது கண்டது இதைத்தான். சமத்துவத்துக்காகவே கட்டிய அமைப்பிலும் கடைசியில் சிலர் கையில் எல்லாம் போய்ச் சேர்கிறது. அவர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. தகவலும் அனுபவமும் அவர்களிடம் குவிகிறது, மற்ற உறுப்பினர் கூட்டத்துக்கு வராமல் விடுகிறார்கள். கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்குத்தான், எத்தனை பங்கு வைத்திருந்தாலும். ஆனால் பொதுச்சபைக் கூட்டத்துக்கு உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் வருகிறார்கள், வருகிறவர்களில் எத்தனை பேர் கணக்கறிக்கையைத் திறந்து பார்க்கிறார்கள்? உங்களுக்கு உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது, அண்ணைக்கும் தலைவருக்கும் பயமும் அங்கேதான். கிளை வாசலில் மாத இருப்பையும் விலையையும் ஒட்டிவிடுங்கள், உறுப்பினர் வாசிக்கட்டும். அண்ணையின் பிடி அதில் தளரும், ஒரு நாள் உங்களுடைய பிடியும் தளரும். அதற்கு நீங்கள் தயார் இல்லையென்றால், நீங்கள் கேட்பது சங்கத்தைத் திருத்துவது இல்லை, அண்ணையின் இடத்தை.

வங்கி வேலை பற்றி. சம்பளத்துக்காகப் போவதென்றால் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இந்தப் பிரச்சினைக்குப் பயந்து போகாதீர்கள், அங்கேயும் 22 வருடமாக ஒருவர் இருப்பார். எட்டு மாதம் என்பது இந்த மாதிரி வேலைக்குக் கணக்கே இல்லை. கொப்பி வேலைக்கும் கிளைகளுக்குப் போய்வரவும் இன்னும் மூன்று மாதம் எடுங்கள், அதற்குள் புதுச் சுற்றறிக்கை ஒன்றும் விடவேண்டாம். தலைவரிடம் கதைத்த பிறகு அவர் சொன்ன பதிலை, முடிந்தால் அவருடைய வார்த்தையிலேயே, எனக்கு எழுதுங்கள். அந்தத் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் போடவே அவர் விடவில்லை என்றால் உங்கள் பிரச்சினை களஞ்சியத்தில் இல்லை, தலைவரிடம். அப்படியானால் கூட்டுறவு அபிவிருத்தி உதவி ஆணையாளர் அலுவலகத்துக்கு எப்போது, எந்தக் கடுதாசிகளோடு போவது என்பதைத் தனியாகக் கதைப்போம்.